மணலில் எழுதிப் பயின்ற மேல்நாட்டு மாணவர்

(சீகன்பால்கு ஐயர் சரித்திரம்)

கல்வி கற்கப் புகுவார்க்கு இரண்டு முதல்கள் வேண்டும். ஒன்று பொருள், மற்றொன்று பணிவு. பொருளில்லாதார் கற்று உயர்ந்த செய்தி உலகில் மிகுதியாக உண்டு. பணிவில்லாதார் கற்றுத் தேறினார் என்பதை யாம் கேட்டதில்லை. கல்வி பலவற்றுள்ளும் அயல்மொழிக் கல்விக்கு இப்பணிவு பெரிதும் வேண்டற்பாலது. கணிதமோ பிற கலையோ கற்பவன் தான் முன்பே அறிந்த மொழியை ஊன்றுகோலாகக் கொண்டு நடக்கலாம். அயல்மொழி கற்கப் புகுந்தவனோ அவ்வூன்றுகோலையும் வாயிற்புறத்தே வைத்துவிட்டுக் குழந்தைபோல் தவழ்ந்து உள்ளே செல்ல வேண்டியவனாகின்றான். தன் ஊரில் அவன் கற்றவன், பட்டம் பெற்றவன், பலர்க்கு வழிகாட்டி. வேற்றூரிலோ ஐந்து வயதுச் சிறுவனும் அவன் பேச்சைக் கேட்டு நகைப்பான். அந்நகைப்பைப் பொறுத்தவன் மொழியைப் பெறுகின்றான். பொறாதவன் எத்துணைப் பொருள் செலவிட்டும் வெறுங்கையனாய் மீள்கின்றான்.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பல மொழிகளுக்கிடையே வாழ்பவை. ஜவளகிரியிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் வீட்டிற் கன்னடமோ தெலுங்கோ பேசி, பள்ளியில் தமிழ் கற்று, சந்தையில் மூன்றையும் கலந்து வழங்குதல் நமக்கு இயல்பு. ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர் இந்தியும் ஒடியாவும் நம் தெருக்களில் ஒலிக்கின்றன. இதுபோது நம் பிள்ளைகள் கடல் கடந்தும் கற்கச் செல்கின்றனர். ஜெர்மனி தேசம் ஒன்றில் மட்டும் 2023-24 ஆம் கல்வியாண்டிற் பயின்ற இந்திய மாணவர் ஏறத்தாழ 49,000 பேர். அத்தேசத்து அயல்நாட்டு மாணவருள் அவ்வாண்டில் இந்தியரே முதலிடம் பெற்றனர். பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர் எம்மிடம் வந்து வினவுவது பெரும்பாலும் ஒரே வினா: வேற்றுமொழி வழங்கும் நாட்டில் நம் பிள்ளை எங்ஙனம் கற்கும், எங்ஙனம் வாழும் என்பதே அது.

இவ்வினாவுக்கு விடையாக ஒரு பெரியாரின் சரித்திரத்தை எடுத்துரைக்க விரும்புகின்றோம். நம் பிள்ளைகள் இன்று எந்த ஜெர்மனிக்குச் செல்கின்றனரோ, அதே ஜெர்மனியிலிருந்து 300 ஆண்டுகளுக்கு முன்னர் நம் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அவர். வந்து, தமிழ்ச் சிறுவரோடு திண்ணைப் பள்ளியில் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பயின்றவர். அவரே சீகன்பால்கு ஐயர். அவர் கிறிஸ்தவ சமயப் பணிக்கென வந்தவர். அவருடைய சமயக் கொள்கைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் கற்ற முறையையும், கற்ற மொழி அவர்பாற் செய்த மாறுதலையும் கூறுவதே எம் கருத்தாகும்.

இளமையும் கல்வியும்

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682 ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். இளம் பருவத்திலேயே அன்னையாரும் தந்தையாரும் காலஞ்சென்றனர். தமக்கையாரின் ஆதரவில் அவர் வளர்ந்தார். பிறவியிலேயே மெலிந்த உடலினர். நோய் அவரை வாழ்நாள் முழுதும் விடாது தொடர்ந்தது. பிறர் ஓராண்டிற் கற்பதை அவர் நோயின் இடையிடையே கிடைத்த நாட்களிற் கற்க வேண்டியிருந்தது.

கெர்லிட்ஸ் நகரத்துப் பள்ளியிலும் பின்னர் பெர்லின் நகரத்துப் பள்ளியிலும் பயின்று, 1703 ஆம் ஆண்டில் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அந்நகரில் பிராங்கே என்னும் பேராசிரியர் 1695 ஆம் ஆண்டில் ஏழைச் சிறுவர்க்கென ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளிலேயே அநாதை விடுதியும் பல பள்ளிகளும் கொண்ட பெரிய நிலையமாக வளர்ந்தது. அங்குப் பல்கலைக்கழக மாணவர்களே ஏழைப் பிள்ளைகட்கு ஆசிரியராய் அமர்ந்து கற்பிப்பர். கற்பவன் கற்பிக்கவும் வேண்டும், கல்வி ஏழையின் வீட்டுக்கும் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணம் சீகன்பால்குவின் நெஞ்சிலும் பதிந்தது.

அக்காலத்துச் சமயக் கல்வி மாணவர் யாவரும் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய பழைய மொழிகளை இலக்கணத்தோடு கற்க வேண்டும். இம்மூன்றும் அவர் நாட்டில் எவர் வீட்டிலும் பேசப்படாதவை. நூல்களின் வாயிலாகவே கற்கப்பட்டவை. ஒரு மொழியின் எலும்பும் நரம்பும் எங்கெங்கு உள என்று தொட்டுப் பார்த்துக் கற்கும் பழக்கம் இதனால் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. உடல்நலக் குறைவால் பல்கலைக்கழகக் கல்வியை இடையே விட்டுச் சில காலம் சிறுவர்க்குப் பாடம் சொல்லும் தொழிலும் செய்தார்.

கடல் கடந்து வந்தது

அந்நாளில் டென்மார்க்கு தேசத்தை ஆண்ட நான்காம் பிரெடெரிக் மன்னர், சோழ நாட்டுக் கடற்கரையில் தமக்கு உரியதாயிருந்த தரங்கம்பாடிக்குச் சமய ஆசிரியரை அனுப்பக் கருதினார். இவ்வூர் இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. 1620 ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் டேனியர் இங்கு இடம் பெற்றுக் கோட்டை கட்டினர். அனுப்புதற்கேற்றவர் டென்மார்க்கில் அகப்படாமையால், ஜெர்மனியில் தேடிச் சீகன்பால்குவையும் அவர் நண்பர் புளுட்சோ என்பவரையும் தேர்ந்தனர். 1705 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் கோபன்ஹேகன் துறையிலிருந்து சோபியா ஹெட்விக் என்னும் கப்பலில் இருவரும் புறப்பட்டனர். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏழு மாதத்துக்கு மேற்பட்ட கடற்பயணத்தின் பின், 1706 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9 ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். அப்போது சீகன்பால்குவுக்கு வயது இருபத்துநான்குக்கு ஒரு நாள் குறைவு எனலாம்.

வந்தவர்க்கு நல்வரவேற்புக் கிடைத்ததில்லை. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் என்பவர் அவர்களை விருப்போடு நோக்கவில்லை. ஊரில் அவர்தம் மொழியறிந்தார் மிகச் சிலர். துறைமுகத்திற் பறங்கியரின் போர்த்துக்கேசிய மொழியே வணிகத்துக்குப் பொதுமொழியாய் வழங்கியது. ஊரார் பேசியதோ தமிழ்.

இந்நிலையில் அங்கிருந்த ஐரோப்பியர் பலர் செய்து வந்தது ஒன்றே: துபாஷி ஒருவரை வைத்துக்கொண்டு காரியம் பார்த்தல். கொள்வதும் கொடுப்பதும் துபாஷியின் நாவால் நடக்கும். இங்ஙனம் ஆண்டுக்கணக்காய் வாழ்ந்தும் தமிழ் ஒரு சொல்லும் அறியாது மீண்டு சென்றவர் பலர். சீகன்பால்கு அவ்வழியை விரும்பவில்லை. போர்த்துக்கேசிய மொழியைப் புளுட்சோ சிறப்பாகப் பயில, தமிழைத் தாம் மேற்கொண்டார்.

திண்ணைப் பள்ளி மாணவர்

தமிழ் கற்கத் துணையாவன அவர் கையில் யாவை? இலக்கண நூல் இல்லை, அகராதி இல்லை. அவர்க்கு முன்னரே போர்த்துக்கேசியப் பாதிரிமார் சிலர் தமிழ் கற்று நூல்கள் அச்சிட்டதுண்டு. 1578 ஆம் ஆண்டில் கொல்லத்தில் தம்பிரான் வணக்கமும், 1679 ஆம் ஆண்டில் அம்பலக்காட்டில் புரோவென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கேசிய அகராதியும் அச்சாயின. ஆயினும் வந்திறங்கிய இளைஞரின் கைக்கு இவை எட்டவில்லை. கண்முன் இருந்தது ஊர்ப்பள்ளி ஒன்றே.

எழுபது வயதளவினரான முதிய உபாத்தியாயர் ஒருவரை அவர் அணுகினார். அப்பெரியவர் தம் பள்ளியையே இவர்கள் தங்கிய வீட்டுக்கு மாற்றிக்கொண்டு அங்கே சிறுவர்க்குப் பாடம் நடத்த இசைந்தார். அச்சிறுவர் நடுவே பல்கலைக்கழகம் சென்று பயின்ற இம்மேல்நாட்டாரும் ஒரு மாணவராய் அமர்ந்தார்.

திண்ணைப் பள்ளியின் முறையை நம் பாட்டனார் காலத்தவர் நன்கறிவர். இக்காலத்துப் பிள்ளைகள் அறியார். தரையில் மணல் பரப்பியிருக்கும். உபாத்தியாயர் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்வார்; பிள்ளைகள் அதனைத் தாமும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஆட்காட்டி விரலால் மணலில் எழுதுவர். கண்ணும் காதும் நாவும் கையும் ஒரே காலத்தில் தொழில் செய்யும். பிழையாயின் கையால் அழித்து மீண்டும் எழுதலாம். செலவில்லை, தயக்கமும் இல்லை. எழுத்து முற்றிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி முதலியவற்றை மனப்பாடம் செய்தல் வேண்டும்; எண்சுவடியை முறையாகச் சொல்லுதல் வேண்டும்.

இம்முறையின்படியே சீகன்பால்கு தமிழ் நெடுங்கணக்கைக் கற்றார். அவர் பட்ட இடர்ப்பாட்டைத் தமிழாசிரியராகிய யாம் நன்கு உணர்கின்றோம். ஜெர்மன் மொழியில் ழகரமும் இல்லை. நாநுனியை மேலே மடித்து ஒலிக்கும் டகர ணகர ளகரங்களும் இல்லை. மடிந்து பழகாத நாவை இருபத்துநான்காம் வயதில் மடிக்க வேண்டும். ஓலைச் சுவடியைப் படிப்பதோ அதனினும் அரிது. அக்காலத்துச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வேறுபாடு காட்டுவதில்லை. சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. படிப்பவன் மொழியை முன்னரே அறிந்தவனாயின் அன்றிச் சொல்லைப் பிரித்தறிய இயலாது. மொழியைக் கற்பதற்குச் சுவடி வேண்டும்; சுவடியைக் கற்பதற்கோ மொழி வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்க உயிருள்ள ஆசிரியரை அன்றி வேறு கதியில்லை.

எழுத்தும் சொல்லும் அறிந்தபின் வேறோர் இடையூறு நேர்ந்தது. முதிய உபாத்தியாயர்க்குத் தமிழன்றிப் பிறமொழி தெரியாது. சொல்லைச் சொல்லித் தந்தார். அதன் பொருளை மாணவர்க்கு விளங்க வைக்க அவரால் இயலவில்லை. ஆகவே அழகப்பர் என்னும் துபாஷியின் துணையைச் சீகன்பால்கு நாடினார். மேல்நாட்டு ஏடுகளில் அலெப்பா எனக் குறிக்கப்பெறும் இவர், கம்பெனியாரிடம் தொழில் பார்த்தவர். போர்த்துக்கேசியம், டேனியம், ஜெர்மன், டச்சு ஆகிய மொழிகள் பேச வல்லவர். மேல்நாட்டுக்குச் செல்லாமலே தம் ஊர்த் துறைமுகத்தில் வந்துபோவாரோடு பேசிப் பேசியே இத்தனை மொழிகளையும் கற்றுக்கொண்ட தமிழர் அவர். அவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திக் கொண்டார். பிறர் தமக்காகப் பேசுதற்குத் துபாஷியை வைத்தனர். இவர் தாமே பேசக் கற்றற்கு வைத்தார். ஓராண்டு நிறையுமுன்னரே சீகன்பால்கு தமிழிற் பேசவும் எழுதவும் படிக்கவும் வல்லவரானார்.

ஒருநாட் பாடம்

இத்துணை விரைவிற் கற்றதற்கு நுண்ணறிவு மட்டுமே காரணமென்று எண்ணலாகாது. தாம் தமிழ் கற்ற முறையை 1709 ஆம் ஆண்டில் தம் நாட்டார்க்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவர் விரித்துரைத்துள்ளார். அதன் சாரத்தை எம் சொற்களால் இங்குத் தருகின்றோம்.

காலை 7 மணி முதல் 8 மணி வரை, முன்பு கற்று எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்ப்பார். 8 மணி முதல் நண்பகல் 12 மணி வரை, முன்பு படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பார். அப்போது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். புலவர் செய்யுளின் பொருளை எளிய பேச்சுத் தமிழில் எடுத்துரைப்பார். புதிய சொல்லும் வழக்கும் வந்தவுடன் எழுத்தர் அவற்றைக் குறித்துக்கொள்வார். உண்ணும்போதும் ஒருவர் நூலைப் படிக்க இவர் கேட்பார். பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை மீண்டும் படிப்பு. இரவு 7 மணி முதல் 8 மணி வரை, கண்ணுக்கு ஓய்வு வேண்டித் தாம் படியாது பிறர் படிக்கக் கேட்டல். தாம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத்தக்க நடையுடைய ஆசிரியரையே விரும்பித் தெரிந்துகொண்டு, அந்நூலில் அறியாத சொல் ஒன்றேனும் இல்லை என்னுமளவும் நூறு முறை வரையிலும் படித்ததுண்டாம்.

இதனை நம் மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். பழைய பாடத்தை மறவாமை, புதிய பாடத்தைப் பொருளறிந்து படித்தல், காதாற் கேட்டல், நல்ல நடை ஒன்றைப் பற்றி நிற்றல், படித்ததையே பன்முறை படித்தல் ஆகிய ஐந்தும் இந்நாட்பாடத்தில் அடங்கியுள்ளன. மொழிப் பயிற்சிக்கு இன்று கருவிகள் பல வந்துள்ளன. கைப்பேசியே பாடம் சொல்கிறது. ஆயினும் இவ்வைந்தின்மேல் ஆறாவது வழியை எவரும் கண்டதாகத் தெரியவில்லை.

எழுத்தர் குறித்த சொற்கள் நாள்தோறும் பெருகின. ஈராண்டளவில் 20,000 சொற்கள் கொண்ட சொற்றொகுதி உருவாயிற்று; சில ஆண்டுகளில் அது 40,000 ஆக வளர்ந்தது. செய்யுட் சொற்களுக்கென வேறொரு தொகுதி 17,000 சொற்களோடு அமைந்தது. நோயாளியான இளைஞர் ஒருவர், பணி பல நடுவே, இச்சொற்களைத் திரட்டினார் என்பது வியப்பே.

அவர் தமிழில் வழுவே இல்லையோ எனின், உண்டு. பின்வந்த புலவர் அவர் நடையிற் பேச்சு வழக்கின் கலப்பும் பிழையும் கண்டு குறை கூறினர். ஆயினும் பிழை நேருமென்று அஞ்சி அவர் வாய் மூடியிருந்தாரல்லர். ஊரூராகச் சென்று மக்களோடு உரையாடினார், வாதம் புரிந்தார், தெருவிற் கேட்டதை மறுநாட் பாடமாக்கிக் கொண்டார்.

ஏடு தேடியது

கற்றவர்க்கு மேலும் கற்கும் வேட்கை பிறத்தல் இயல்பு. சீகன்பால்கு தமிழ் ஏடுகளைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் ஆளனுப்பித் தேடுவித்தார். கற்றோர் இறந்தபின் அவர் மனைவியரிடம் கிடந்த சுவடிகளை விலைக்கு வாங்கினார்; விலைக்குக் கிடையாதவற்றைப் படியெடுப்பித்தார். 1708 ஆம் ஆண்டில் தம்மிடம் இருந்த நூல்களுக்கு ஓர் அட்டவணை எழுதினார். அதில் தமிழர் இயற்றிய நூல்கள் 119. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு நூலின் பெயரோடும் அது கூறும் பொருளையும் தம் நாட்டார்க்கு விளங்கச் சுருக்கமாக எழுதி வைத்தார். நம் புலவர் பலர் தம் வீட்டுச் சுவடிகளுக்குப் பட்டியலும் எழுதாதிருந்த காலம் அது.

அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். திண்ணையிற் சிறுவர் உரக்க ஓதிய பாடங்களையே அவர் தம் நாட்டுக்கு முதற் காணிக்கையாக அனுப்பினார் என்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. ஆரம்பப் பாடத்தை இழிவாக எண்ணி மறந்துவிடும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

கற்ற மொழி கற்பித்தது

இனி, இச்சரித்திரத்தின் உயிர்நிலையாக யாம் கருதுவதைக் கூறுவோம். வந்த புதிதில், தமிழர் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர் என்று ஐரோப்பியர் பலர் எண்ணியவாறே சீகன்பால்குவும் எண்ணியிருந்தார். பிறர்க்குக் கற்பிக்க வந்ததாகவே அவர் தம்மைக் கருதினார். நம் நூல்களைப் படிக்கப் படிக்க அவ்வெண்ணம் தளர்ந்தது. இம்மக்களிடத்தே நீதியும் மருத்துவமும் இலக்கணமும் உண்டு, ஒழுக்க நூல்கள் உண்டு என்று தம் நாட்டார்க்கு எழுதினார். தம் சமயக் கொள்கையில் அவர் மாறினாரல்லர். நம்மைப் பற்றிய மதிப்பிலே மாறினார். துபாஷி வழியே வாழ்ந்திருப்பின் இம்மாற்றம் நேர்ந்திராது.

தமிழரின் கருத்தை அவர்தம் வாயிலாகவே அறிய வேண்டி, அவரும் உடனூழியரான கிரூண்ட்லரும் வினாக்கள் எழுதிக் கற்றோர் பலர்க்கு அனுப்பினர். 1712 முதல் 1714 வரை வந்த விடைகளுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. தமிழ்நாட்டார் எழுதிய கடிதங்களை மேல்நாட்டார் இங்ஙனம் படித்தறிந்தனர்.

நம் தெய்வங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றையும் 1713 ஆம் ஆண்டில் எழுதி முடித்து ஹாலே நகர்க்கு அனுப்பினார். அங்குள்ள பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். பிற சமயத்தை அகற்றச் சென்றவர் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாது என்பது அவர் கருத்து. அந்நூல் 1867 ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சேறியது. தாம் பயின்ற ஊரின் பேராசிரியரே தம் உழைப்பை ஏற்காதபோது மாணவர் மனம் எத்துணை வருந்தியிருக்கும்!

இடர்கள் இவ்வளவில் நிற்கவில்லை. கோட்டைத் தலைவரோடு நேர்ந்த பிணக்கால் 1708 ஆம் ஆண்டு நவம்பரில் சிறைப்படுத்தப்பட்டு நான்கு மாதம் அடைபட்டிருந்தார். அவர்க்கு மொழி கற்பித்த அழகப்பரும் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டார். மாணவர்க்கு மொழியைக் கொடுத்தவர் அதன் பொருட்டு ஊரை இழந்தார். சீகன்பால்குவின் புகழைப் பேசுவோர் அழகப்பர்க்கும், பெயர் சொல்லப்படாத அம்முதிய உபாத்தியாயர்க்கும், நாற்பொழுதும் உடனிருந்து பொருளுரைத்த புலவர்க்கும் கடப்பாடுடையர். கற்றவர் பெயர் நிலைக்க, கற்பித்தவர் பெயர் மறைதல் உலக வழக்கமாயினும் அது நன்றி ஆகாது.

மீண்டும் மேல்நாடு

அச்சுத்தொழிலை அவர் தரங்கம்பாடியிற் கொணர்ந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. அவ்வெழுத்துக்கள் உருவிற் பெரியவாயிருந்தமையால் தரங்கம்பாடியிலேயே சிறியவை வார்க்கப்பட்டன. பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் எழுந்தது. அவர் தமிழாக்கிய கிறிஸ்தவ வேதத்தின் புதிய ஏற்பாடு 1715 ஆம் ஆண்டில் அச்சாகி முற்றியது. அதற்கு முன்னரே, 1707 ஆம் ஆண்டில், பெண்பிள்ளைகட்கெனப் பள்ளி ஒன்றும் அவர்கள் தொடங்கியிருந்தனர்.

1714 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். கப்பலிலும் பாடம் நின்றதில்லை. மலையப்பன் அருகிருக்க மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார். இலத்தீன் மொழியிலே தமிழ் இலக்கணம் ஒன்றையும் எழுதினார். அவ்விலக்கணம் 1716 ஆம் ஆண்டில் ஹாலே நகரில் அச்சாயிற்று. அதன்பின் தமிழ்நாட்டுக்கு வர விரும்பிய ஜெர்மானிய மாணவர் வெறுங்கையோடு வர வேண்டியதில்லை. தாம் இருட்டில் தடவிச் சென்ற வழியிற் பின்வருவார்க்கு விளக்கேற்றி வைத்தார். கற்றவன் செய்யத்தக்க கைம்மாறு இதனினும் வேறுண்டோ?

மரியா தொரோதேயா என்னும் அம்மையாரை மணந்து, 1716 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மீண்டும் சென்னையில் வந்திறங்கினார். தரங்கம்பாடியில் ஆசிரியர்க்குப் பயிற்சி தரும் பள்ளியும், 1718 இல் புதிய எருசலேம் என்னும் ஆலயமும் அமைந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த கடிந்துரைக் கடிதமும் பழைய நோயும் அவரை வாட்டின. 1719 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23 ஆம் நாள் தமது முப்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். தமிழ்நாட்டில் அவர் வாழ்ந்தது பன்னிரண்டு ஆண்டும் நிறையாத காலமே. அவர் வழிவந்தோர் அனுப்பிய தமிழ்ச் சுவடிகள் ஹாலே நகரத்துப் பிராங்கே நிலையத்தில் இன்றும் பேணப்பட்டு வருகின்றன.

நாம் கொள்ளத்தக்கன

சங்கத்து அன்பர்களே! இச்சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கன மூன்று.

முதலாவது, நாணத்தை வெல்லுதல். எம்மிடம் தமிழ் பயின்ற பெண்ணொருத்தி மேற்படிப்புக்கு ஜெர்மனி சென்றாள். சென்ற மூன்றாம் மாதம் எமக்கு எழுதினாள். பாடம் விளங்குகிறதாம், புத்தகம் விளங்குகிறதாம், கடையில் ரொட்டி கேட்க மட்டும் வாய் எழவில்லையாம். தங்குமிடத்தில் நம்மவரே சூழ்ந்திருத்தலால் நாள் முழுதும் நம் மொழியே போதுமானதாய் இருக்கிறதாம். இவளைப்போல் அங்குள்ளார் பலர் என்று அறிகின்றோம். சீகன்பால்குவும் கோட்டைக்குள் தம்மவரோடு தங்கியிருக்கலாம், தங்கவில்லை. சிறுவர் நடுவே சென்று அமர்ந்தார். நம் பிள்ளைகளும் அங்குள்ள சிறுவரோடும் முதியோரோடும் கூசாது பேசுக. சிறுவர் நகைப்பர், நகைத்தபின் திருத்தியும் தருவர். ஊதியம் கேளாத ஆசிரியர் அவர்கள்.

இரண்டாவது, முன்னறிந்த மொழியைக் கைவிடாமை. வெளிநாடு செல்லும் பிள்ளைக்குத் தமிழிலக்கணம் எதற்கென்று வினவும் பெற்றோர் நம்முள் உளர். வேற்றுமையும் வினைமுற்றும் தன் மொழியில் ஒருமுறை உறுதியாக அறிந்த மாணவன் ஜெர்மன் மொழியின் வேற்றுமைகளைக் கண்டு மருளான். பழைய மொழிகளை இலக்கணத்தோடு கற்ற பயிற்சியே சீகன்பால்குவுக்குத் தமிழில் வழிகாட்டியது. வீட்டிற் கன்னடமோ தெலுங்கோ பேசி, பள்ளியில் முதல் வகுப்பில் ழகரத்தோடு போராடும் நம் ஜவளகிரிக் குழந்தை, அப்பெரியார் தரங்கம்பாடியிற் செய்ததையே தன் ஐந்தாம் வயதிற் செய்கின்றது. அக்குழந்தை பின்னர்ப் பிறிதொரு மொழியைக் கற்க அஞ்ச வேண்டிய காரணம் யாதுமில்லை. இல்லமொழியை மறக்கச் செய்வதும் வேண்டா. பள்ளிமொழியைப் புறக்கணிக்கச் செய்வதும் வேண்டா.

மூன்றாவது, கற்க வந்தாரை ஏற்றல். நம் பிள்ளை அயல்நாட்டுப் பள்ளியில் நகைக்கப்படுதல் கூடாதென்று நாம் விரும்புகின்றோம். ஆயின் ஓசூர்த் தொழிற்சாலைகளில் உழைக்க வந்த வடநாட்டுத் தொழிலாளரின் குழந்தைகள் நம் பள்ளிகளில் தமிழெழுத்தைத் தடுமாறிப் படிக்கும்போது நம் பிள்ளைகள் செய்வது என்ன? அக்குழந்தையை நகைப்பதும் கைகொடுப்பதும் நம் இல்லத்துப் பழக்கத்தைப் பொறுத்தவை. தரங்கம்பாடியில் எழுபது வயது உபாத்தியாயர் வேற்று நாட்டானை விரட்டினாரல்லர். தம் பள்ளியையே அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் சிறுவர் நடுவே அவனுக்கு இடம் கொடுத்தார். அவர் கொடுத்த ஒரு பிடி மணலிலிருந்தே இத்தனை நூல்களும் விளைந்தன.

ஆதலின் தாய்மாரும் தந்தைமாரும் தம் மக்களுக்கு வழிச்செலவோடு இவ்வொரு புத்தியையும் கட்டிக் கொடுப்பாராக: செல்லும் நாட்டில் முதல் ஓராண்டு குழந்தையாய் இருக்கக் கூசற்க. குழந்தையாய் இருக்க ஒருப்பட்டவர் அந்நாட்டைத் தம் நாடுபோல் அறிவர். நம் சங்கத்து இளைஞரும் இளம்பெண்டிரும் சென்ற இடமெல்லாம் நல்ல மாணவராய்க் கற்று, திரும்பி வந்து நல்லாசிரியராய்ப் பிறர்க்கு விளக்கேற்றி வைத்துப் பல்லாண்டு வாழ்வாராக!